ஒன்றரை மில்லிமீட்டர்

மறுபடியும் எண்பத்தெட்டரைதான். வெர்னியர் அளவுகோலின் இரண்டு தாடைகளும் அந்த வெண்கல மெதாயின் விளிம்பைக் கவ்விக்கொண்டு போன தடவை சொன்னதையே சொல்லின. கேட்கிறவர் மனம் நோகுமே என்ற தாட்சண்யம் இரும்புக்கு ஏது. அடைக்கலம் திருகைத் தளர்த்தி, மெதாயைச் சற்றே திருப்பி, திரும்பவும் பிடித்தார். வார்த்தெடுத்த வட்டம் எதுவும் முழு வட்டமாக இருந்ததில்லை, ஒரு வாக்கில் குறைந்தால் இன்னொரு வாக்கில் கூடும், கூடிச் சரியாகிவிடும், சரியாகிவிட வேண்டும் மாதாவே. ஆகவில்லை. எந்த வாக்கில் பிடித்தாலும் குறைந்தது. மகள் செலினின் முகம் பதித்த மெதாய் தொண்ணூறு மில்லிமீட்டர். மனைவி பிலோமினாவின் பிறந்த நாளை மறந்து அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு, கல்யாண நாளை மறந்ததுண்டு, இந்த எண்ணை மறந்ததில்லை. புதுக்கண்ணின் கோளாறாக இருக்கலாம். போன மாதம்தான் புரை எடுத்து உள்ளே என்னவோ வில்லை வைத்தார்கள், அன்றிலிருந்து எல்லாம் அளவுக்கு மேல் தெரிகிறது, சுவரில் கீறல், டம்ளரில் கறை, பிலோமினாவின் கழுத்துச் சுருக்கம், இத்தனை நாள் எல்லாரும் தயவு பண்ணி மறைத்து வைத்திருந்ததையெல்லாம் யாரோ ஒரே நாளில் திரையை விலக்கிக் காட்டியதுபோல. ஆனால் கண் கோளாறென்றால் மற்ற மெதாய்களும் குறைய வேண்டுமே. காலையிலிருந்து எல்லாவற்றையும் அளந்தாயிற்று, ஒவ்வொன்றும் மனசில் இருந்த அளவோடு இம்மி பிசகாமல் உட்கார்ந்தது, இது ஒன்றுதான். திங்கட்கிழமை பண்பாட்டுக் கழகத்திலிருந்து ஒரு பெண் படம் எடுக்க வருகிறாள், கண்காட்சியில் ஒவ்வொன்றின் கீழும் குறுக்களவு எழுத வேண்டுமாம், அதற்காகத்தான் இந்த அளவெடுப்பே. இல்லாவிட்டால் இதை அளந்தே இருக்க மாட்டார், பெற்ற பெண்ணின் முகத்தை யாராவது வெர்னியர் வைத்து அளப்பார்களா. உள்ளறையில் விசிறி கடகடத்தது. சாப்பிட்டுவிட்டு பிலோமினா படுத்திருக்கிறாள். வீடு முழுக்க லேசாகச் சீயக்காய் வாசனை, வெள்ளிக்கிழமை.

குறைவது எதனால் என்று அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்த மட்டில் புதுச்சேரியிலேயே அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும். ராணுவத்தில் இருந்த அப்பாவின் புண்ணியத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வாய்த்து, பாரிஸில் தபால் பிரிக்கிற வேலையில் இருபத்துச் சொச்சம் வருஷம் நின்று நின்று காலில் நரம்பு முடிச்சு வாங்கியவர். அங்கே ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தையில் ஒரு காப்பி விலைக்கு முதல் மெதாயை வாங்கினார். யாரோ ஒரு கிழவியின் பக்கவாட்டு முகம், முக்காட்டின் மடிப்புகூட காற்றில் அசைகிற மாதிரி. உள்ளங்கையில் அடங்குகிற வெண்கல வட்டத்துக்குள் ஒரு சிற்பி ஓர் ஆளையே இறக்கி வைத்துவிடுகிறானே என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பழைய பிராங்க் நாணயத்தில் விதை தூவிக்கொண்டே நடக்கிறாளே ஒரு பெண், அவளைச் செதுக்கிய ரொத்தியின் மெதாய் ஒன்றுக்காக ஒரு குளிர்காலம் முழுக்கப் பழைய கோட்டோடு ஓட்டியிருக்கிறார். ஊரில் வெண்கலப் பதக்கம் என்றால் மூன்றாம் பரிசு என்றுதான் அர்த்தம். திரும்பி வந்து இழுப்பறைகளைத் திறந்து காட்டியபோது பிலோமினாவின் தம்பி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஓடியும் மாமா ஒரு தடவைகூட முதலாவதாக வரவில்லையா என்று கேட்டான், வீடே சிரித்தது, செலின்தான் அதிகம் சிரித்தாள். பதக்கம் என்கிற சொல்லை அவர் அன்றோடு விட்டுவிட்டார், மெதாய் என்றே சொல்வார். சரி, குறைவது எதனால். உருகிய வெண்கலம் ஆறும்போது சுருங்கும். சிற்பி அதையும் கணக்குப் பண்ணித்தான் மெழுகில் கொஞ்சம் பெரிதாகச் செய்வான். ஆனால் செய்து முடித்த மெதாயின் மேலேயே அச்செடுத்து எவனாவது இன்னொன்று வார்த்தால், அது ஒரு நூல் சின்னதாகத்தான் வரும், எத்தனை பெரிய கொம்பன் வார்த்தாலும் வரும். நகலைப் பிடிக்க அது ஒன்று போதும். பாரிஸில் ஒரு வியாபாரியின் கடையில், வெர்னியரைக்கூட எடுக்காமல், கண்ணால் பார்த்தே, இது நகல் ஐயா என்று அத்தனை பேர் முன்னால் சொல்லி அவன் முகம் செத்துப்போனதை அவர் எத்தனை விருந்தில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்கே மனப்பாடம். கண்ணால் பார்த்தே. அடைக்கலம் கையுறை போட்ட கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைகள் யாரோ ஒரு மருத்துவருடையவை போல வெள்ளையாகக் கிடந்தன.

செலினுக்குப் பத்தொன்பது வயதில் செய்வித்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பணக்காரன் தன் மகள் முகத்தை மெதாயாக வார்த்து வைப்பான், நாம் பணக்காரன் இல்லை, ஆனால் மகள் இருக்கிறாளே என்று கிளம்பினார். சிற்பி குழந்தைவேலு பெரிய பெயர், வெளிநாட்டிலெல்லாம் அவர் மெதாய்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன, சென்னைக்குப் போகிற கடற்கரைச் சாலையில் பட்டறை. முடியாது என்று சொல்லத்தான் வரச்சொன்னார். செலின் வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்த தோரணையைப் பார்த்து சரி என்றுவிட்டார். அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பட்டறைக்குப் பின்னால் கடல் வேறு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஓடிவிடுவாள், குழந்தைவேலு அவள் ஓடின திசையையே பார்த்துக்கொண்டு மெழுகைக் கிள்ளிக்கொண்டிருப்பார். அதனால்தான் மெதாயின் பின்பக்கத்தில் மணலில் கழற்றிப் போட்ட இரண்டு செருப்பு, ஒன்று நிமிர்ந்து, ஒன்று குப்புற. முன்பக்கம் அவள் முகம், இடது பார்த்து, சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால். கன்னத்தில் காதோரம் ஒரு குழி. சின்ன வயதில் அம்மை போட்டபோது கிள்ளாதே கிள்ளாதே என்று பிலோமினா வேப்பிலையும் கையுமாகக் காவல் இருந்தும் கிள்ளிக்கொண்டது. அதை மெழுகில் பார்த்ததும் அடைக்கலத்துக்கு உறுத்தியது. இத்தனை அழகான வேலையில் அது எதற்கு, ஒரு சொட்டு மெழுகு வைத்தால் மூடிக்கொள்ளுமே என்று குழந்தைவேலுவிடம் மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னது அவளுக்குத்தான் முதலில் கேட்டது. "அப்படியே மூக்கையும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க பப்பா. பல்லையும் உள்ள தள்ளச் சொல்லுங்க. கடைசியா இது யாருன்னு நானும் வந்து கேக்கறேன்." குழந்தைவேலு ஊசி முனையை எடுத்து அந்தக் குழியை இன்னும் ஒரு மயிரிழை ஆழமாக்கினார். ஒன்றே ஒன்று வார்த்தார், அச்சைத் தன் கையாலேயே உடைத்தார், இன்னொன்று உலகத்தில் கிடையாது. தச்சன் தேக்கு அலமாரியின் மேல் இழுப்பறையில் இந்த மெதாய்க்கென்று ஒரு குழிவு குடைந்து வெல்வெட்டு ஒட்டினான். மூச்சுவிட இடமில்லாமல் பொருந்தியது, எடுக்க வேண்டுமென்றால் அடியில் கோர்த்த நாடாவை இழுக்க வேண்டும். பிறகு எப்போதோ அது ஆட ஆரம்பித்தது. இழுப்பறையை இழுத்தால் உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். மரம் காய்ந்து குழிவு அகன்றுவிட்டது என்று நினைத்தார். கடலோரத்து ஊரில், வருஷம் பூரா ஈரக்காற்றில், எந்த மரம் காயும். அவரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் இது யார். மேசை விளக்கின் கீழ் மெதாயைச் சாய்த்தார். செலின்தான், அதே முகம், வரப்போகிற அதே சிரிப்பு, பழுப்புத் தோல்கூட அதே பழுப்பு. வெண்கலத்தின் மேல் ஏறியிருக்கிற அந்த நிறத்தை அவர் தோல் என்றே சொல்வார், அது போய்விட்டால் மெதாய் செத்ததற்குச் சமம் என்பார். ஆனால் குழி. புதுக்கண் தயவு தாட்சண்யமில்லாமல் பார்த்தது. குழி மேலோட்டமாக இருந்தது, ஓரம் மழுங்கி, யாரோ ஒரு சொட்டு மெழுகு வைத்த மாதிரி. நகலில் அப்படித்தான், நுணுக்கமெல்லாம் லேசாகத் தூர்ந்துபோகும். இது அவருக்கு இன்றைக்கா தெரியும். சில வருஷமாகவே குழி மங்குவது தெரிந்துதான் இருந்தது, புரை விழுகிறது என்று கண்ணைத்தான் திட்டினார். சிரித்துக்கொண்டே, மூடச் சொன்னேனே, தானாக மூடிக்கொண்டது என்று ஒரு நாள் நினைக்கக்கூடச் செய்தார், நினைத்தது இப்போது நாக்கின் அடியில் கசந்தது. தினம் சாயங்காலம் இழுப்பறையைத் திறந்து, கையுறை மாட்டி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி, எத்தனை வருஷம். எவனோ முன்பின் தெரியாதவனின் மகள் முகத்தில் நகலைக் கண்டுபிடிக்கிற கண். தன் மகளை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தது எதை. தோலை, விளிம்பை, விளக்கு விழுகிற கோணத்தை. அசல் எங்கே. குழந்தைவேலு தனக்கென்று வைத்துக்கொண்டு இதைத் தள்ளிவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் செத்துப்போன மனிதரைச் சந்தேகித்தார். இல்லை, முதலில் வந்தது குழிவில் பொருந்தியதே, செலினே நாடாவை இழுத்து இழுத்து விளையாடினாளே. எடுத்தது பிற்பாடு. திருடன் எதற்கு நகல் பண்ணி வைக்கிறான், ரொத்தியை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத ஒரு புதுச்சேரிப் பெண்ணை எதற்கு எடுக்கிறான். விற்றால் வாங்க ஆள் உண்டா. அவள் வேண்டும் என்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர். எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சீக்கிரம் முடிந்துவிட்டது, முடிந்த இடத்தில் நிற்கப் பயந்து மனம் வேறு பக்கம் திரும்பியது.

செலினுக்குக் காய்ச்சல் வந்தது மழைக்காலத்தில். கொசுக்காய்ச்சல், ஊர் பூரா இருந்தது, எல்லாருக்கும் வந்து எல்லாருக்கும் போனது, இவளுக்குப் போகவில்லை. பிலோமினா கட்டிலை விட்டு இறங்கவில்லை, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள், அடைக்கலம் அறை வாசலில் நின்று, எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நூற்று மூன்று. நூற்று மூன்றரை. அவருக்கு எண் வேண்டும், எண் கிடைத்தால் கொஞ்சம் தெம்பு வரும், டாக்டரிடம் போனில் சொல்லலாம். பிலோமினா ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "வந்து தொட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். தொட்டால் என்ன தெரியும், தெர்மாமீட்டரில்தானே தெரியும் என்றார், இப்போதுகூட அதில் தப்பு என்னவென்று பளிச்சென்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பெட்டி. பிறகு பூ. கூடத்தில் அவளை வைத்திருந்தபோது பிலோமினா அந்தக் காதோரக் கன்னத்தில் விரலை வைத்தபடி இருந்தாள், சின்ன வயதில் அந்தக் குழியில் விரல் வைத்தால்தான் செலின் தூங்குவாள், அழுகிற பிள்ளை பொத்தானை அமுக்கினதுபோல அடங்கிவிடும், அப்படி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெதாய்களின் முன்னால் அப்படி நின்றுதான் பழக்கம், மறதியாகக்கூட முகத்தில் விரல் படக்கூடாது, வியர்வை ரேகை வெண்கலத்தைத் தின்றுவிடும். பெட்டியை மூடுகிற வரைக்கும் கைகள் பின்னாலேயே இருந்தன. அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு பிலோமினா மெதாயைக் கேட்டாள். கல்லறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்து வந்துவிடுகிறேன் என்றாள். மெழுகுவத்திப் புகை, மழை ஈரம், பூச்சாறு, எதுவும் ஆகாது என்றார். சரி, இங்கேயாவது கையில் கொடுங்கள் என்றாள். அவர் கொடுத்தார், கொடுக்காமல் இல்லை, இழுப்பறையிலிருந்து வெள்ளைக் கையுறை ஒரு ஜோடியையும் எடுத்துக் கொடுத்தார். அவள் கையுறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உறை மாட்டிக்கிட்டா எம்பொண்ணு கன்னத்தத் தொடணும்?" என்றாள். அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதை அவர் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக பாரிஸ் போனார். போன கையோடு ஏலங்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்று வாரம் தங்கினார். மகள் செத்த வருஷம் திரும்புவதற்குள் மனைவியைத் தனியாக விட்டுப் போகிறான் பார் என்று ஊர் பேசியது காதில் விழுந்தது. அலமாரிச் சாவியை பிலோமினாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார், வேறு யாரிடம் கொடுப்பது. திரும்பி வந்த அன்று அவள் வாசலிலேயே நின்றாள். சாப்பாடு போட்டாள். சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் எழுந்து கை கழுவி இழுப்பறையைத் திறந்தபோது பின்னாலேயே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மெதாயை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வைத்தார். "என்னா?" என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த முகத்தை அவர் கோபம் என்று நினைத்தார், தனியே விட்டுப் போன கோபம், ஒரு மாதமாவது நீடிக்கும் என்று கணக்குப் போட்டு ஒதுங்கியே இருந்தார். கோபம் இல்லை அது. புதுக்கண் இப்போது அந்த நிலைப்படியையும் காட்டியது, அதில் நின்றவளையும். அப்போதிலிருந்து ஒன்பது வருஷம். இன்னும் ஒன்று. சீயக்காய். செலின் போனதும் பிலோமினா தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையே விட்டுவிட்டாள், கடையில் வாங்குகிற ஷாம்பு பொட்டலம்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் குளியலறையில் நல்லெண்ணெயைக் காய்ச்சிய வாசம், சீயக்காய்த் தூள், உள்ளே தாழ்ப்பாள், அரைமணி நேரம். வெள்ளிக்கிழமைதான் செலினுக்குத் தலைமுழுக்கு. வீட்டையே ரெண்டு பண்ணுவாள், கண் எரியுது மம்மா, சூடு மம்மா என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். யாருக்குத் தலைமுழுக்கு இந்த வீட்டில் இன்னும். மூக்குக்குப் புரை விழாதே. மூக்கு இத்தனை வருஷமாக அதை அவரிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

எழுந்தார். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, கூடத்தைக் கடந்து உள்ளறை வாசலுக்கு வந்தார். அன்றைக்குக் காய்ச்சலின்போது நின்ற அதே இடம். வேண்டாம், திரும்பிப் போய்விடலாம், திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் எண்பத்தெட்டரை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கால் பின்வாங்கியது. பிலோமினா தூங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, ஜெபமாலைப் பையை மார்போடு வைத்து, கையைப் பைக்குள் விட்டிருந்தாள், பைக்குள்ளே விரல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலை உருட்டுகிறாள் என்று எத்தனை மத்தியானம் சத்தம் போடாமல் கடந்து போயிருக்கிறார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அவர் கைகளைப் பார்த்தாள், வெள்ளைக் கையுறை இன்னும் இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். மறைக்கவில்லை.

"குறையுது" என்றார். "அதுல ஒன்றரை மில்லிமீட்டர் குறையுது."

"அவ்ளோதான் குறைஞ்சுதா உங்களுக்கு" என்றாள் பிலோமினா.

சண்டைக்கு இழுக்கிற குரலில் சொல்லவில்லை, விலை கேட்கிற குரலில் சொன்னாள். பிறகு தானாகவே, துணி மடிக்கிறபோது பேசுகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அவர் விமானம் ஏறின மறுநாளே மெதாயைக் கைக்குட்டையில் சுற்றி, சென்னை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் குழந்தைவேலு பட்டறையில் போய் இறங்கியிருக்கிறாள். இதேபோல ஒன்று வேண்டும் என்றாளாம். அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லையாம், அன்றைக்குச் செலின் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாளே அந்தக் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அச்செடுக்க உட்கார்ந்தாராம், தோல்கூட அவரே போட்டாராம். நகல் உங்களுக்கு, அசல் வீட்டுக்காரருக்கா என்றாராம். இல்லை, பார்க்கிறவருக்கு எது இருந்தாலும் போதும் என்றாளாம் இவள்.

"ஆனா ஒண்ணு சொன்னாரு" என்றாள். "உங்க வீட்டுக்காரர் பொட்டியத் தொறந்த அன்னிக்கே புடிச்சிருவாரும்மா, அவர் கண்ணு அப்படி, பதில தயாரா வெச்சுக்கன்னாரு. நானும் வெச்சிருந்தேன். தெனம் ராத்திரி படுக்கையில சொல்லிப் பாத்துக்குவேன். நீங்கதான் கேக்கவேயில்ல."

"என்ன பதில்" என்றார் அடைக்கலம்.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"மறந்துபோச்சுங்க" என்றாள்.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது தெரியவில்லை, உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும், கத்தியிருப்பாள், அவரும் கத்தியிருப்பார், செலின் பெயரை இரண்டு பேரும் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள், அதற்காகத்தான் அன்றைக்கு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவையாவது உரக்க. அவர் ஒன்றுமில்லை என்றார். ஒன்பது வருஷம் இந்தப் பக்கம் ஓர் அறையில் அவர் கையுறை மாட்டி விளக்கடியில் உட்கார, அந்தப் பக்கம் ஓர் அறையில் இவள் பைக்குள் விரலை விட்டுக்கொண்டு படுத்திருக்க, நடுவில் கூடம். பிலோமினா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஐயோ என்றது முதலில் அந்தப் பழைய பாரிஸ் கண்தான், அதற்கு நேரம் காலம் தெரியாது. பாழ். தோல் முழுசாகப் போயிருந்தது, கழுவிக் கவிழ்த்த புதுச்சொம்பு மாதிரி மஞ்சளாக மின்னியது. வாரம் தவறாமல் எண்ணெயும் சீயக்காய்த் தூளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முடி இழை ஒன்றுகூட இல்லை, தலை வழவழவென்று ஒரே மேடு. மூக்கு நுனி இல்லை. வரப்போகிற சிரிப்பு இல்லை, உதடு இருந்த இடம் கட்டைவிரலுக்கு வாகாகச் சரிந்திருந்தது. பின்பக்கம் செருப்புகளின் வார் அறுந்துபோயிருந்தது. விளிம்போரத்தில் சீயக்காய் அப்பிக் காய்ந்திருந்தது. எந்தச் சந்தையில் வைத்தாலும் எடைக்குத்தான் போகும். யார் என்று கேட்டால் சொல்ல முடியாது, அவள் அன்றைக்குச் சொன்னாளே, கடைசியாக இது யார் என்று நானும் வந்து கேட்கிறேன் என்று. பிறகு வெளிச்சத்தில் திருப்பினார், இருந்தது. காதோரம், கன்னத்தில், குழி. மேடெல்லாம் தேய்ந்தது, பள்ளத்தில் விரலும் போகவில்லை தூளும் தேய்க்கவில்லை. அன்றைக்குக் குழந்தைவேலு ஊசி முனையால் எவ்வளவு ஆழமாக்கினாரோ அவ்வளவும், ஓரம் மழுங்காமல், அடியில் மட்டும் அந்தப் பழைய பழுப்போடு. செலின் முகத்தில் மிச்சம் இருந்தது அவர் மூடச் சொன்னது மட்டும்தான்.

அதற்குள் ஒரு சீயக்காய்த் துணுக்கு ஒட்டியிருந்தது. எடுக்கப் பார்த்தார், கையுறை வழுக்கியது, மறுபடி பார்த்தார், துணிக்கு நகம் கிடையாது. இடது கையுறையைக் கழற்றினார், அது கழன்று கட்டிலுக்கு அடியில் விழுந்தது, குனியவில்லை. வெறும் கை பழக்கத்தில் விளிம்பைத்தான் பிடித்தது, இரண்டு விரலால், முகத்தில் படாமல். "அப்படிப் புடிக்காதீங்க" என்றாள் அவள். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை அவருக்கு, உண்மையாகவே தெரியவில்லை. அவள் அவர் கட்டைவிரலைப் பிடித்து, குழந்தைக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, கொண்டுபோய்க் குழியில் வைத்தாள். துணுக்கு உதிர்ந்தது. நகக்கண் குழிக்குள் போய் உட்கார்ந்தது, அவருக்கு அந்த இடம் புதுசு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அங்கே அவர் விரல் போனதில்லை, மகள் உயிரோடு இருந்தபோதும். பிலோமினா அங்கே விரல் வைத்தால் பிள்ளை தூங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறார், வாசலில் நின்று. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தும்மல் மாதிரி, பிறகு நிற்காமல் வந்தது. பிலோமினா அவர் தோளைத் தொடவில்லை, எழுந்தும் போகவில்லை. மெதாயை வாங்கிக்கொள்ளவும் இல்லை. இவ்வளவு நேரம் அவள் கைக்குள் இருந்ததில் செலினின் கன்னம் சுட்டது. இந்தத் தடவை அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை.